ஐந்து குடைக் கடற்கரை

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக் கடவுள் நம்பிக்கை அரைகுறைதான். சான்றிதழ் நம்பிக்கை முழுசு. லிஃப்ட்டுக்குள் ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கினால், யாரோ ஒருத்தன் மோட்டார் அறைக்கு ஏறிப்போய், கிரீஸ் படிந்த கம்பிவடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பான் என்பது அவர் கொள்கை. அவர் அப்படித்தான் போடுவார். அதனால் உலகமும் அப்படித்தான் போடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த நினைப்போடுதான் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்தத் தீவுக்குப் போனார்.

போனதற்குக் காரணம் மகள் சிட்டு. பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு, கால் எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தாள். ஏழு வயசுப் பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவதும் காற்றைப் பொட்டலம் கட்டுவதும் ஒன்று. அவள் அழும்போதெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்த சமாதானம் ஒன்றுதான்: "கட்டு பிரிக்கட்டும்டா, கடலுக்குப் போறோம்." கட்டுக்குள் அரித்தால் கடல், கசப்பு மருந்துக்குக் கடல், தூக்கம் வராவிட்டால் கடல். கடைசியில் கட்டைப் பிரித்த டாக்டரும், "தண்ணியில நடக்க விடுங்க, காலுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டார். சூம்பிப்போன காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த சிட்டு, மெல்லத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அப்புறம் தப்பிக்க வழியில்லை.

தீவில் கடற்கரைகளுக்குப் பஞ்சமில்லை. குழந்தையோடு போகிறவர்கள் எந்தக் கரைக்குப் போவது என்று குழம்பக் கூடாது என்பதற்காகவே அங்கே குடும்ப உகப்புக் கடற்கரை வாரியம் என்று ஒன்று இருந்தது. குடும்பங்களுக்கு உகந்த கரைகளுக்கு அது குடை கொடுக்கும். ஒரு குடை என்றால் சுமார். ஐந்து குடை என்றால் அதற்கு மேல் கிடையாது.

"ஐந்து குடைக்கே போயிடலாம்" என்றாள் மனைவி. குடிநீர் சுத்திகரிப்பு மிஷின் கம்பெனி ஒன்றில், வாடிக்கையாளர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுச் சமாதானம் சொல்வது அவள் வேலை. யார் சொல்வதையும் லேசில் நம்ப மாட்டாள், ஒரே ஒருத்தரைத் தவிர. "எங்க அண்ணன் போன வருஷம் போயிட்டு வந்திருக்கான். அவன் ஒரு செருப்பு வாங்கறதுக்கே நாலு கடை ஏறி இறங்கறவன். கேட்டுப் பார்ப்போம்."

கேட்டார்கள். மச்சான் தொலைபேசியிலேயே மிதந்தார்.

"மாப்பிள்ளை, கண்ணை மூடிக்கிட்டுப் போங்க. சொர்க்கம்னா சொர்க்கம்! குழந்தைங்களுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி இருக்கும்."

சான்றிதழும் இருக்கிறது, மச்சானும் சொல்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததாக நினைத்துப் பெட்டி கட்டினார்கள்.

படகுத்துறையில் இறங்கியதுமே வாரியத்தின் சரிபார்ப்புச் சாளரம். அவர்களுக்கு முன்னால் நின்ற ஒரு பெண், அக்கா மகனை அழைத்து வந்திருந்தாள். சாளரத்துக்காரர் அவளைக் 'கலவை' என்று சொல்லி இடதுபக்கம் ஒதுக்கினார். பேரனோடு வந்த பெரியவரைப் 'பகுதி' என்று வலதுபக்கம் அனுப்பினார். பிறகு லிஃப்ட்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க குடும்பமா?"

"ஆமா சார்."

"எப்படிச் சொல்றீங்க?"

இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. "இவங்க என் மனைவி. இது எங்க பொண்ணு" என்றார்.

"அது தனித்தனி ஆளுங்க விவரம். குடும்பமான்னு கேட்டேன்." சுவரில் தொங்கிய பலகையைக் காட்டினார். ஒரு தந்தை, ஒரு தாய், குறைந்தது ஒரு குழந்தை. மூவரும் நேரில் வர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பிறகு சிட்டுவிடம் குனிந்து, "பாப்பா, இவங்க ரெண்டு பேரும் வீட்ல சண்டை போடுவாங்களா?" என்றார்.

சிட்டு யோசித்தாள். "ஃபேன் வேகத்துக்கு மட்டும்."

"குடும்பம்தான்" என்று சொல்லி, மூன்று பேர் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டையை மாட்டினார். லிஃப்ட்காரருக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. இத்தனை கறாராகச் சோதிக்கிறவர்கள் கடலை எவ்வளவு கறாராகச் சோதித்திருப்பார்கள்!

கடற்கரைக்குப் போகும் பேருந்து ஒரு வளைவில் திரும்பியதும் சிட்டு துள்ளி எழுந்தாள். "மாமா! அம்மா, அங்க பாரும்மா, மாமா!"

சாலையோரம் நாலு மாடி உயரத்துக்கு ஒரு விளம்பரப் பலகை. அதில் மச்சான், அவர் மனைவி, இரண்டு பையன்கள். ஒவ்வொரு பல்லும் ஒரு ஜன்னல் அளவு. கீழே, 'எங்கள் வாழ்வின் இனிய நாள்கள்' என்று எழுதி ஐந்து குடை வரைந்திருந்தது.

"நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க" என்றாள் மனைவி. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க அண்ணன் எப்பவுமே இப்படித்தான். அடக்கம்."

மச்சானுக்குப் பின்னால் கடல் தெரிந்தது. கடலின் மேல் கணக்கு நோட்டுத் தாள் மாதிரி மெல்லிய கட்டம் கட்டமாகக் கோடுகள். பலகையில் படத்தைத் துண்டு துண்டாக ஒட்டிய இணைப்பாக இருக்கும் என்று லிஃப்ட்காரர் நினைத்துக்கொண்டார்.

அது இணைப்பு இல்லை. கம்பி வலை.

வாசல் வளைவில் 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று வாரியத்தின் முழக்கம். அதைத் தாண்டினால் சலித்த மாவு போல வெள்ளை மணல். மரம் கிடையாது, கடை கிடையாது, பாறை கிடையாது, நாய் கிடையாது. ஐந்து குடைக் கடற்கரையில் ஒரு குடைகூடக் கிடையாது. மணல் முடிகிற இடத்தில் இரண்டாள் உயரத்துக்குக் கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கடல் தன்பாட்டுக்கு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, குடும்பம் குடும்பமாக வேலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து வராத பேருந்து நிலையம் போல இருந்தது.

கழுத்தில் விசில் மாட்டிய காவலரிடம் போனார். "சார், கடலுக்கு எந்தப் பக்கமா போகணும்?"

"கடல் உங்க எதிர்லதான் இருக்கு."

"அது தெரியுது. போறதுக்கு வழி?"

"தெரியுது இல்ல? அவ்வளவுதான் வழி."

"குழந்தைக்குக் கால் நனைக்கணும் சார். டாக்டர் சொல்லியிருக்காரு."

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று விசில்காரர் அன்பாகக் கடிந்துகொண்டார். "கால் நனைப்புப் பிரிவு அந்தப் பக்கம் இருக்கு. வரிசையில போங்க."

வரிசையின் முடிவில் நீலப் பிளாஸ்டிக் தொட்டிகள். தொட்டிக்கு ஒரு சீருடைப் பணியாளர். அவர்கள் முறை வந்ததும் பணியாளர் பணிவாகக் கேட்டார்: "அலையோடவா, அலை இல்லாமலா?"

"அலையோட" என்றாள் சிட்டு.

அவர் தொட்டியின் விளிம்பில் காலை வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டினார். தண்ணீர் இந்தப் பக்கம் சளப், அந்தப் பக்கம் சளப்.

"அப்பா, இது நம்ம வீட்டுத் துணி ஊற வெக்கிற டப்பா."

பணியாளருக்கு மனசு புண்பட்டுவிட்டது. "பாப்பா, இது அசல் கடல் தண்ணி. கண்ணு எரியக்கூடாதுன்னு உப்பை எடுத்துட்டு, கொதிக்க வெச்சு, ஆற வெச்சு ஊத்தியிருக்கோம்."

சிட்டு மெலிந்த காலை முதலில் வைத்தாள். பிறகு மற்றக் காலை. கொஞ்ச நேரம் நின்றாள். அழுதிருந்தால் தேவலை. அழாமல், "இதுதான் நீ சொன்ன கடலாப்பா?" என்றாள்.

மணலில் வீடு கட்டியாவது அவள் மனசைத் தேற்றலாம் என்று அப்பாவும் மகளும் உட்கார்ந்தார்கள். சுவர் ஒரு சாண் எழும்பியதும் விசில் ஊதியது. ஆபத்து நேரத்தில் வெளியேற இரண்டாவது வாசல் எங்கே என்று விசில்காரர் கேட்டார். லிஃப்ட்காரர் இதில் நியாயம் இருப்பதாகக் கருதி, இரண்டாவது வாசல் வைத்தார். விசில்காரர் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கேட்டார், இவர் அதையும் வைத்தார். கடைசியில், உள்ளே யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று விசில்காரர் கேட்டார். "நண்டு" என்றாள் சிட்டு. நண்டு கடிக்கும், குடும்பங்களுக்கு உகந்ததல்ல என்று சொல்லி, விசில்காரர் பூட்ஸ் காலால் வீட்டை மிக மென்மையாக மிதித்தார்.

கரை முழுவதிலும் நிழல் என்று இருந்தது கழிவறைக்குப் பின்சுவர் மட்டும்தான். மனைவி அங்கே போய் நின்று அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் லிஃப்ட்காரருக்கும் எல்லாம் கேட்டது.

"அண்ணே, கடல் எங்கண்ணே?"

"வந்துட்டீங்களா? வெயில் எப்படி இருக்கு?"

"கடல் எங்க?"

"வேலிக்கு அந்தப் பக்கம் இருக்குமே."

"வேலி இருக்குன்னு நீ சொல்லவே இல்லியே! சொர்க்கம்னியே! அவ்ளோ பெரிசா போர்டுல சிரிச்சுக்கிட்டு நிக்கிறியே!"

"சிரிக்கச் சொன்னாங்க. வெயில்ல கண்ணு கூசுச்சு, பல்லு தானா வெளிய வந்துடுச்சு." மச்சானின் குரல் இறங்கியது. "நான் என்ன பண்ணட்டும்? ஆபீஸ் பூரா தீவுக்குப் போறேன், தீவுக்குப் போறேன்னு தண்டோரா போட்டுட்டுப் போனவன். திரும்பி வந்து, தொட்டியில கால் நனைச்சுட்டு வந்தேன்னா சொல்ல முடியும்? எனக்கும் ஒருத்தன் சொர்க்கம்னுதான் சொன்னான்."

"மத்தவங்ககிட்ட சொல்லு. நான் உன் கூடப் பிறந்தவ அண்ணே."

"அதனாலதான் சொன்னேன்மா. நீயும் போயிட்டு வந்துட்டா, மனசு விட்டுப் பேச எனக்குன்னு ஒரு ஆளாவது இருக்கும்ல?"

அவள் கைபேசியை அணைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்க ஊராரின் புகார்களுக்குப் பதில் வைத்திருக்கிறவளுக்குத் தன் புகாரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "நான் எதையும் அவன்கிட்ட கேட்டுத்தாங்க செய்வேன்" என்று மட்டும் சொன்னாள். "உங்களைக் கட்டிக்கிட்டதுகூட அவன் சரின்னு சொன்ன அப்புறம்தான்." லிஃப்ட்காரர் இதற்கு எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

வாரியத்தின் அலுவலகம் வாசலை ஒட்டியே இருந்தது. கடலைப் பார்த்த ஜன்னலை மறைத்துக் கடலின் பெரிய புகைப்படம் மாட்டியிருந்தார்கள். குளிரூட்டிய அறையில் தகுதி அதிகாரி உட்கார்ந்திருந்தார். அவர் நாற்காலி முதுகில் ஒரு ஈரத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

லிஃப்ட்காரர் சொன்னதையெல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்து நின்று, ஒரு மனிதரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து கூட்டத்துக்குப் பேச ஆரம்பித்தார்.

"குடை எப்படிக் குடுக்கறோம்னு தெரியாமத்தான் பல பேர் வருத்தப்படறாங்க. முதல்ல இந்தக் கரையில பாறை இருந்துச்சு. குழந்தை வழுக்கி விழும். எடுத்தோம், ஒரு குடை. நாயையும் கடைக்காரங்களையும் எடுத்தோம், இன்னொண்ணு. அப்புறம் தென்னை மரம். காய் தலையில விழுமா விழாதா? வெட்டினோம். நாலாவது குடை, குடைகளையே எடுத்ததுக்கு. காத்துல பறந்து கண்ணைக் குத்தும். எல்லாம் எடுத்த அப்புறமும் ஏதோ ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. உக்காந்து யோசிச்சோம். ஒரு கடற்கரையில குடும்பத்துக்கு ரொம்ப ஆபத்தானது எது? கடல்! அதையும் எடுத்தோம். ஐந்து குடை." பெருமூச்சு விட்டார். "போன வருஷம் இங்க ஒரு குழந்தைகூட தண்ணியில முழுகல. உலகத்துல எத்தனை கடற்கரை நெஞ்சில கை வெச்சு அப்படிச் சொல்லும்?"

"தண்ணியில இறங்கவே விடலையே சார்."

"அதுதான் எங்க வெற்றி."

"குழந்தைக்கு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் சார். உங்க குடையை நம்பித்தான் குடுத்தேன்."

அதிகாரி கனிவோடு தலையாட்டினார். "உங்க சிரமம் எங்களுக்குப் புரியுது..."

"உங்க கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று மனைவி தொடர்ந்தாள். "உங்க பொறுமைக்கு நன்றி. வேற ஏதாவது உதவி வேணுமா? எங்களை அழைத்ததற்கு நன்றி, வணக்கம். வாங்க போகலாம். இது நான் தினமும் சொல்ற வசனம். இதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டாங்க."

மறுநாள் வெளியே கிளம்ப யாருக்கும் மனசில்லை. விடுதி அறையில் சிட்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். படுக்கை விரிப்பு மாற்ற வந்த பெண், தலையணை உறையை உருவிக்கொண்டே, "என்ன பாப்பா, கடலுக்குப் போகல?" என்றாள்.

"போனோம். கடல் இல்ல. வேலிதான் இருந்துச்சு."

அவள் சிரித்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அக்கா, பழைய ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால ஒரு கரை இருக்கு. உகந்ததல்லன்னு சிவப்புப் போர்டு வெச்சிருப்பாங்க, பயப்படாதீங்க. என் பிள்ளைங்க ரெண்டும் அங்கதான் கிடக்கும். அதுங்களுக்கு அப்பா இல்ல. நான் வேலை முடிஞ்சு போற வரைக்கும் அந்தத் தண்ணிதான் அதுங்களுக்குக் காவல்." லிஃப்ட்காரரைத் திரும்பிப் பார்த்தாள். "வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சார். வாரியத்துக்குத் தெரிஞ்சா குடை குடுத்துடுவாங்க."

"சேச்சே, நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் அவர்.

ஐஸ் ஃபேக்டரியின் இடிந்த மதிலைச் சுற்றிப் போனதும் சிவப்புப் பலகை. அதற்குக் கீழே தாம்பாளத்தில் ஊற்றிய மாதிரிக் கடல். வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. தண்ணீர் வரைக்கும் சாய்ந்து நின்ற மரங்கள். நிழலில் பாய் விரித்து ஆட்கள், கும்மாளமிடும் பிள்ளைகள், நடுவில் ஒரு நனைந்த நாய். யாரும் யாரையும் விசில் ஊதிக் கூப்பிடவில்லை.

எலும்பும் தோலுமாக ஒரு சிறுமியும் அவள் தம்பியும் ஓடி வந்தார்கள். "எங்கம்மா சொன்ன பாப்பா நீதானே?" என்று சிட்டுவின் கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். சிட்டு நொண்டிக்கொண்டே போனாள். முதல் அலை கணுக்காலில் பட்டதும் கத்தினாள். இரண்டாவது அலைக்கு உட்கார்ந்தே விட்டாள். முகமெல்லாம் தண்ணீர் வழிய, உதட்டை நக்கிப் பார்த்துவிட்டுக் கூவினாள்: "அப்பா, நிஜமாவே உப்புப்பா!"

மனைவி புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அவள் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. லிஃப்ட்காரருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்த நிறைவோடு அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

கொஞ்சம் தள்ளி, அரைக்கால் சட்டை போட்ட ஒருவர் தோளில் ஒரு பையனை உட்கார வைத்துக்கொண்டு குதிரை போலக் கனைத்தபடி தண்ணீரில் ஓடிக்கொண்டிருந்தார். குதிரை திரும்பியது. தகுதி அதிகாரி.

அவருக்குப் பின்னால் அவர் மனைவி. பாய்களில் வாரியத்தின் மற்ற ஆட்கள். சரிபார்ப்புச் சாளரத்துக்காரர் ஒரு குழந்தைக்கு மணலில் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஒரு வாசல்தான் இருந்தது.

"சார்" என்றார் லிஃப்ட்காரர். "இது குடும்பங்களுக்கு உகந்ததல்லன்னு போர்டு இருக்கே?"

"ஆமா. நான்தான் வெச்சேன்."

"நீங்களே குடும்பத்தோட வந்திருக்கீங்களே?"

"யார் சொன்னா? நாங்க தனித்தனியா வந்திருக்கோம்."

"அப்பா, இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போப்பா" என்றான் தோளில் இருந்த பையன்.

"இவன் தனியா வந்திருக்கான்" என்றார் அதிகாரி. "என் தோள்ல உக்காந்திருக்கான், அவ்வளவுதான்."

லிஃப்ட்காரருக்குள் எதுவோ அறுந்தது. தொட்டித் தண்ணீர், மிதிபட்ட வீடு, கழிவறைச் சுவரோரம் நின்ற மனைவி எல்லாம் ஒரே நேரத்தில் வாய்க்கு வந்துவிட்டன. "ஊரை ஏமாத்திட்டு நீங்க மட்டும் இங்க வந்து குளிக்கிறீங்களா? இதைக் கேளுங்க சார். உங்க ஐந்து குடையைத் தூக்கிக் குப்பையில போடுங்க. குடும்பத்துக்கு உகந்த கடற்கரைன்னா அது இதுதான்! என் பொண்ணு இங்கதான் கால் நனைச்சா. தோ, அந்த ரெண்டு பிள்ளைங்களும் தினமும் இங்கயே கிடக்குதுங்க, ஒரு கீறல் உண்டா? இதை விட உகந்த கரை உலகத்துலயே கிடையாது!"

"என்னங்க, போதும்" என்று மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "என்னங்க!"

அதிகாரியின் முகம் கோபத்தில் சிவக்கும் என்று எதிர்பார்த்தார். அது மலர்ந்தது. அவர் பையனை இறக்கிவிட்டு, கரைக்குப் போய், துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த கைபேசியை எடுத்து வந்து படம் பிடிக்க நீட்டினார். "இதையே இன்னொரு தடவை சொல்லுங்க. இவங்களையும் பக்கத்துல நிக்க வெச்சுக்கோங்க."

அதிகாரி மாட்டிக்கொண்டார், ஆதாரம் இருக்கட்டும் என்று நினைத்து, லிஃப்ட்காரர் முதல் தடவையை விடச் சத்தமாகவும் கோர்வையாகவும் சொன்னார். சொல்லி முடித்துத் திரும்பினால், மரநிழலில் இருந்தவர்கள் எல்லாரும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகளைத் தண்ணீரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று அவருக்குப் புரியவில்லை.

"ரொம்ப நன்றி" என்றார் அதிகாரி. "முழுக் குடும்பம் ஒண்ணு தானா முன்வந்து ஒரு கரையை உகந்ததுன்னு சொல்லிட்டா, குடை குடுக்கறதைத் தவிர எங்களுக்கு வேற வழி கிடையாது. விதி அப்படி."

"குடையா? இங்கயா? வேண்டாம் சார், நான் அதுக்குச் சொல்லல... உங்களுக்கும் இந்தத் தண்ணி இல்லாமப் போயிடுமே?"

"கடமைன்னு வந்துட்டா சொந்த சுகம் பார்க்க முடியுமா? தீவுல உகந்ததல்லாத கரை இன்னும் எவ்வளவோ இருக்கு. அத்தனையையும் ஒரே நாள்ல சரிபண்ணிட முடியாதில்ல?"

அன்று திரும்பி நடக்கும்போது மனைவி அவரிடம் கோபப்படவில்லை. "அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா" என்று மட்டும் சொன்னாள்.

வாரியம் எல்லாவற்றிலும் மெதுவு. வேலி விஷயத்தில் மட்டும் மின்னல். விடிந்ததும் ஐஸ் ஃபேக்டரிப் பக்கமிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்டது. கம்பிச் சுருள் ஏற்றிய லாரிகள் விடுதி வாசலைத் தாண்டிப் போயின. விரிப்பு மாற்ற வேறொரு பெண் வந்தாள். முன்பு வந்தவள் எங்கே என்று கேட்டதற்கு, இந்த மாடி வேண்டாம் என்று கேட்டு மாற்றிக்கொண்டாள் என்றாள். அவர் அதிகாரியைத் தேடி இரண்டு முறை அலுவலகம் போனார். திறப்பு விழா வேலையாக வெளியே போயிருப்பதாகச் சொன்னார்கள். ஊர் திரும்புகிற நாள் காலை, விழாவுக்கு நேரில் அழைக்க ஆளே வந்தது.

"போய்க் கையைக் காலைப் பிடிச்சாவது நிறுத்தப் பார்க்கறேன்" என்றார் மனைவியிடம். மூவரும் போனார்கள்.

மரங்கள் நின்ற இடம் மொட்டையாக இருந்தது. நாயைக் காணோம். புது வேலி வெயிலில் பளபளத்தது. நீலத் தொட்டிகள் வரிசையாகத் தயார். வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விளம்பரப் பலகையை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பாதி ஏறிய பலகையில் லிஃப்ட்காரரின் திறந்த வாய் மட்டும் தெரிந்தது.

ரிப்பனுக்கு இந்தப் பக்கம், விசில்காரருக்கு முன்னால், முதலில் விரிப்பு மாற்ற வந்த அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் மாற்றுத் துணிப் பை. இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள்.

"குடும்பங்களுக்கு மட்டும்மா" என்று விசில்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நாங்க குடும்பம்தான்."

"அப்பா எங்க?"

தம்பிக்காரன் வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாங்க வாங்க!" என்று அதிகாரி உள்ளேயிருந்து கத்தரிக்கோலோடு வந்தார். "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

லிஃப்ட்காரர் கத்தரிக்கோலை வாங்கவில்லை. நேராகப் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றுகொண்டார். என்ன சொல்லப் போகிறோம் என்று யோசிக்கவில்லை. "சார், இவங்க எங்களோட வந்தவங்க" என்றார். "இது என் தங்கச்சி. இது ரெண்டும் என் தங்கச்சி பிள்ளைங்க. எல்லாரும் ஒரே குடும்பம். உள்ள விடுங்க."

அதிகாரி பலகையில் இருந்த வாயையும் எதிரில் இருந்த வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விசில்காரரிடம் தலையை அசைத்தார்.

விசில்காரர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவர் உன் அண்ணனா?"

அவள் நிமிர்ந்து லிஃப்ட்காரரைப் பார்த்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பிள்ளைகள் இரண்டும் அவள் வாயையே பார்த்தன.

"எனக்கு அண்ணன் யாரும் இல்ல" என்றாள்.

பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பிள்ளைகளை இரண்டு கையிலும் பிடித்து, ஐஸ் ஃபேக்டரி மதிலோரமாக நடந்தாள். அப்பா தங்கச்சி என்று சொன்னதை அப்படியே நம்பிவிட்ட சிட்டு, காலை இழுத்துக்கொண்டு நாலடி பின்னால் ஓடினாள்.

"அத்தை!" என்று கூப்பிட்டாள். "அத்தை!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.